புகைப்படத்தில் உள்ளவர்

ஜூன் 3, திங்கள்

திண்டுக்கல் வக்கீல் ஹசீனா மேடம் சொல்லித்தான் இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். "ஒப்பந்தம் முடியிற வரைக்கும் கம்பெனிக்காரங்க போன்ல என்ன சொன்னாலும் தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க சார். நாளைக்கு நாங்க அப்படிச் சொல்லவே இல்லம்பாங்க" என்றார். டைரி, பாக்கெட் அச்சடிக்கிற பிரஸ்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக டிவிக்குக் கீழே கிடந்தது.

கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் யார் எழுதியது என்று தெரிய வேண்டுமே. என் பெயர் சடையாண்டி. படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்கில் மட்டும் இரண்டு தடவை. வத்தலக்குண்டில் இருபத்திரண்டு வருடமாக 'பூவிழி சத்துமாவு' வறுத்து, அரைத்து, நானே ஊர் ஊராகக் கடைகளுக்கு லைன் போய் விற்கிறேன். இப்போது ஒரு சென்னைக் கம்பெனி அதை வாங்கிக்கொள்கிறேன் என்கிறது. பெயர், பக்குவம், பாக்கெட், கடைகளின் பட்டியல் எல்லாம் சேர்த்து. எனக்கு இடுப்பு போய்விட்டது. எனக்குப் பிறகு வறுக்கிற டிரம் பக்கத்தில் நிற்க ஆளும் இல்லை.

காலை 11.20. கம்பெனி மேனேஜர் திவாகர் போன். "டிராஃப்ட் புதன்கிழமை அனுப்பிடறோம் சார். எல்லாம் வழக்கமா இருக்கறதுதான். படிக்கவே வேணாம், கையெழுத்துப் போட்டா போதும்."

எழுதிவிட்டேன். என்னை சார் என்று கூப்பிடுகிறவர்கள் இந்த மாதத்தில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். உஷாராக இருக்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

டிராஃப்ட் வந்தது. நாற்பத்தொரு பக்கம். முழுக்க இங்கிலீஷ். ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொண்டு வந்தேன். ரத்தினம் கேழ்வரகில் கல் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாவு விக்கத்தான் இம்புட்டுத் தாளா? ஊரையே வித்துப்புட்டீகளோன்னு பாத்தேன்."

நானும் படித்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்தவை என் பெயர், வத்தலக்குண்டு, 41.

ஜூன் 8, சனி

திண்டுக்கல். மேடம் ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துத் தமிழில் சொன்னார். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது ஷரத்துப்படி, விற்ற பிறகு ஏழு வருடத்துக்கு நானோ என் குடும்பத்தாரோ தமிழ்நாட்டில் எங்கேயும் சிறுதானிய மாவு அரைக்கக் கூடாது.

"அப்ப எங்க வீட்டுக் கேப்பக்களி?" என்றேன்.

"அதுக்கும் ஜெயில்தான்" என்றார் மேடம். சிரிக்கவே இல்லை. பிறகு 'வீட்டு உபயோகம் நீங்கலாக' என்று சேர்த்தார். இந்த மூன்று வார்த்தைக்கே அவருக்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

கடைசியில் இணைப்புகளுக்கு வந்தார். ஒன்று, இயந்திரங்கள். இரண்டு, கடைகள். மூன்று, பாக்கெட்டில் உள்ள புகைப்படம். படத்தில் உள்ளவர் பதினெட்டு வயது தாண்டியவராக இருந்தால் அவரே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாக்கெட்ல இருக்கறது யாரு சார்?"

"என் மக" என்று பாக்கெட்டைக் காட்டினேன்.

"இப்ப என்ன வயசு?"

"வர்ற ஆவணிக்கு இருபத்தஞ்சு."

"எங்க இருக்காங்க?"

"பெங்களூருல. கம்பெனி வேலை."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு நாக்குக் குழறவில்லை. பழக்கம்தான்.

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் வீட்டு ஹாலிலும் அதே படம்தான். ஐந்து வயதில் ஸ்டூடியோவில் எடுத்தது. கையில் டம்ளர், மேல் உதட்டில் மாவு மீசை. பாக்கெட்டில் உள்ளதற்கு மாலை கிடையாது, ஹாலில் உள்ளதற்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரத்தினம் இன்று மாலையை மாற்றினாள். நான் டிரம்முக்கு கிரீஸ் போட்டேன்.

ஜூன் 12, புதன்

லைன். பெரியகுளம், தேனி, போடி, சின்னமனூர். சின்னமனூரில் சுருளிவேல் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். போன வாரம் சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு வந்து கடை கடையாக விசாரித்தார்களாம்.

"மாவைப் பத்திக் கேட்டாங்கண்ணே. நான் பாப்பாவப் பத்தித்தான் சொன்னேன். எங்க கண்ணு முன்னாடி வளந்த புள்ள, இன்னிக்குப் பெங்களூருல வேலை பாக்குது, எல்லாம் இந்த மாவு குடிச்ச தெம்புன்னு. எழுதி எழுதி மாஞ்சு போனாங்க."

அவர் கண் முன்னால் வளர்ந்த பிள்ளைதான். அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

இதையும் எழுதி வைத்துவிடுகிறேன். இந்தப் பக்கத்தை மேடத்திடம் காட்டுவதாக இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஆவணியில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. சுருளிவேல் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே, அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்து, "பாப்பா எப்படிண்ணே இருக்கு?" என்றார். மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். "நல்லா இருக்குப்பா" என்றேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் என்ன வகுப்பு என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு என்றேன்.

ஒன்று என்று சொன்னால் அடுத்த வருடம் இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று நாலு ஊர்க் கடைக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். டாக்டர், இன்ஜினீயர் எல்லாம் எனக்குச் சமாளிக்க வராது என்பதால் பி.காம். சேர்த்தேன். போடிக்காரர் ஒருத்தர் தன் அக்கா மகனுக்கு ஜாதகம் கேட்டார். செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தப்பித்தேன். என் பிள்ளைக்கு நானே தோஷம் வைத்தவன்.

ஜூன் 14, வெள்ளி

மதியம் மூன்று மணிக்குப் போன். 080 என்று ஆரம்பிக்கிற நம்பர். அது பெங்களூர் நம்பர் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

ஒரு பெண் தமிழில் பேசினாள். தனிநபர் கடன் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டி, தவணை, கட்டணம் எல்லாவற்றையும் முழுக்கச் சொல்ல விட்டேன். கடைசியில், "சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"இன்னும் இல்ல சார்" என்றாள். மூன்று மணி ஆகிவிட்டது, போய்ச் சாப்பிடு என்றேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். மேடம் ஆபீஸ் லீவு. சம்மதக் கடிதத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அடியில் காலியாக ஒரு கோடு, அதன் கீழே 'எஸ். பூவிழி'.

ரத்தினம் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனாள். நான் பீரோவைத் திறந்து யுகேஜி நோட்டை எடுத்தேன். 'ஔ' வரைக்கும் எழுதியிருக்கிறாள். பெயர் எழுதப் படிக்கவில்லை. பிறகு எங்கே கையெழுத்துக்குப் போவது?

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண் இங்கிலீஷில் போடுவாளா, தமிழிலா? தமிழ் என்று முடிவு செய்தேன். அப்பன் சொன்னால் கேட்பாள். முதல் பத்தும் என் கையெழுத்துபோலவே கிழவன் கையெழுத்தாக இருந்தன. 'ழி'யின் சுழியை அலட்சியமாக நீட்டிப் பார்த்தேன். திமிர் பிடித்தவள்போலத் தெரிந்தது. கொஞ்சம் குறைத்தேன்.

இருபத்து மூன்றாவது சரியாக வந்துவிட்டது. நான் போட்டதுபோலவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

கடிதத்தை மேடத்திடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க பொண்ணு உங்கள மாதிரியே பேனாவ அழுத்தி எழுதறாங்க சார்."

"அப்பன் புத்திதான் மேடம்."

"ஆதார் நகல் ஒண்ணு வேணுமே."

"தபால்ல போட்டிருக்கா."

மேடம் கடிதத்தை ஃபைலில் வைக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

ஜூன் 24, திங்கள்

காலை 10.05. திவாகர் போன். ரொம்ப உற்சாகம்.

"சார், உங்க லைன்ல கடைக்காரங்க எல்லாரும் உங்க பொண்ணப் பத்தித்தான் பேசறாங்க. அதான் நம்ம விளம்பரமே. 'பாப்பா வளர்ந்துட்டா'. அந்தக் குழந்தை வளர்ந்து, இப்ப அவ குழந்தைக்கு இந்த மாவைக் கொடுக்கறா. படம் அனுப்பிருக்கேன், பாருங்க. கம்ப்யூட்டர்ல வயசக் கூட்டிருக்கோம்."

"அவ வந்து நிக்க வேணுமா?"

"வேணவே வேணாம் சார். உருவமும் குரலும் நாங்களே பண்ணிக்குவோம். பதினாலாவது ஷரத்து அதுக்குத்தான். ஒரு அஞ்சு நிமிஷம் வீடியோ கால்ல வந்து சம்மதம்னு சொன்னா போதும். வியாழக்கிழமை வச்சுக்கலாமா?"

படம் வந்தது. திறந்தேன்.

பச்சைச் சேலை. இடுப்பில் ஒரு குழந்தை. கையில் அதே டம்ளர். மூக்கு அப்படியே ரத்தினத்தின் மூக்கு. கம்ப்யூட்டருக்கு ரத்தினத்தை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கழுத்தில் தாலி போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

லைனுக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று ரத்தினத்திடம் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஜூன் 26, புதன்

பதினாலாவது ஷரத்தை ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கொடுத்துத் தமிழில் படிக்கச் சொன்னேன். 'மேற்படி உருவத்தை மாற்றவும், வயதைக் கூட்டவும், அசைக்கவும், பேச வைக்கவும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்.'

நான் நாலு ஊருக்குள் வாயால் செய்ததை இவர்கள் உலகம் முழுவதும் காகிதத்தில் செய்யப் போகிறார்கள். பேரன்வரைக்கும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு தூரம் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முழு நாளும் தோன்றியது. நான் போன பிறகும் அவள் இருப்பாளே.

மாலையில் மறுபடியும் படத்தைத் திறந்தேன். அவள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தெரிந்த சிரிப்பு இல்லை. கடையில் சாமான் வாங்க வந்தவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

வீடியோ காலுக்கு இரண்டு நாள் தவணை கேட்டேன். திவாகர் சரி என்றார். மாலை 6.10.

ஜூன் 28, வெள்ளி

பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரில் அவள் சான்றிதழ் இருந்தது. பேரூராட்சி முத்திரை மங்கியிருந்தது. எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். வாயால் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சின்னாளப்பட்டி தாண்டும்போது முதல் வார்த்தையே மறந்துவிட்டது.

மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். தேதியை இரண்டு தடவை படித்தார்.

"ஆறு வயசா?"

"மூளைக்காய்ச்சல். நான் லைன்ல இருந்தேன். அப்பெல்லாம் போன் ஏது."

மேடம் மேசைக் கண்ணாடியைத் தூக்கி, சம்மதக் கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்தார். துண்டுகளைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது என்கிட்ட வரவே இல்ல. வீடியோ காலுக்கு யாரக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தீங்க?"

"அதுவரைக்கும் யோசிக்கல மேடம்."

"பெங்களூர்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பொண்ணப் பத்திப் பேசற அப்பா போன எடுத்து போட்டோ காட்டுவாங்க. நீங்க பாக்கெட்டக் காட்டினீங்க."

கிளார்க்கைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார். டீ வந்து ஆறியது. பிறகு வேலையை ஆரம்பித்தார். அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய உபகாரம்.

இரண்டு பிரதி தயார் செய்வதாகச் சொன்னார். 'அ' பிரதியில் படமும் விற்பனையில் சேரும். ஆனால் உள்ளது உள்ளபடி, வயது ஏறாது, அசையாது, பேசாது. 'ஆ' பிரதியில் பெயரும் பக்குவமும் மட்டும் போகும், ஆறு மாதத்தில் எல்லாப் பாக்கெட்டிலிருந்தும் படம் எடுக்கப்படும், விலை குறையும். எதுவானாலும் கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம். அதில் அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆறாவது பத்தியில, மகள் உயிரோட பெங்களூர்ல இருக்கறதா கடைக்காரங்ககிட்டயும் கம்பெனிகிட்டயும் சொன்னது சரியில்லன்னு நாமளே எழுதிக் கொடுத்துடணும். பின்னாடி ஏமாத்திட்டீங்கன்னு வரமாட்டாங்க. உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?"

"எது?"

"பெங்களூர்."

நான் தலையாட்டினேன், இல்லை என்று.

"அப்ப முதல்ல சொல்லுங்க. எதுக்குப் போடறோம்னு தெரியாமப் போட்டா அது கையெழுத்தே இல்ல சார். தமிழ்லயே அடிச்சுத் தரேன்."

ஜூலை 1, திங்கள்

கம்பெனியுடன் மேடமே பேசிவிட்டார். மாலை 4.40-க்கு திவாகர் போன் செய்தார். "சார், எனக்குத் தெரியாது சார். அந்தப் படத்தை அழிச்சிடுங்க சார்" என்றார். ஐந்து வார்த்தைக்கு மூன்று சார். நல்ல பையன்தான். இரண்டு பிரதியில் எதற்கும் கம்பெனி சம்மதம் என்றார்.

படத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று போன் இன்னொரு தடவை கேட்டது.

ஜூலை 3, புதன்

லைன். சுருளிவேல் கடையில் இறங்கவில்லை. சரக்கைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தபாலில் காகிதங்கள் வந்திருந்தன. 'காலஞ்சென்ற செல்வி பூவிழி' என்று ஆரம்பிக்கிறது. அவள் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையை இன்றுதான் பார்க்கிறேன். ரத்தினத்திடம் நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 4, வியாழன்

நாளைக்கு.

ஜூலை 5, வெள்ளி

காலையில் கம்பு வறுத்து இறக்கி, டிரம் ஆறட்டும் என்று விட்டிருந்தோம். ரத்தினம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். உறுதிமொழிப் பத்திரத்தை அவள் முன்னால் வைத்தேன். எட்டாவது வரை படித்தவள். விரல் வைத்துத்தான் படிப்பாள். முதல் வரியில் விரல் கொஞ்சம் நின்று, போனது. ஆறாவது பத்தியில் நின்றுவிட்டது.

"பெங்களூருன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"யாரு பெங்களூருல?"

சொன்னேன். சுருளிவேல் கேட்டதிலிருந்து மைசூர்பாகுவரை, செவ்வாய் தோஷம்வரை, இருபத்து மூன்றாவது கையெழுத்துவரை. சிரிப்பு வருகிற இடங்களில் சிரிக்கிறமாதிரிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முறத்திலிருந்த கேழ்வரகைத் தட்டிச் சமன் செய்துகொண்டே இருந்தாள். கல் எடுக்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"பத்தொன்பது வருசம்" என்றாள். "நீங்க மட்டும் வச்சிருந்திருக்கீக. எனக்கு அந்தச் சுவத்துல தொங்குறத விட்டுப்புட்டு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள். இரண்டு பிரதிகளையும் எடுத்துச் சொன்னேன். விலை குறைவதையும் சொன்னேன். 'அ'வைத் தள்ளி வைத்தாள்.

"கடை கடையா நின்னது போதும். பேரு போகட்டும். புள்ள வேணாம்."

'ஆ' பிரதியிலும் உறுதிமொழியிலும் சேர்த்து அவள் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் பேனாவை வைத்தவள் நிமிராமல் கேட்டாள்.

"என்ன படிச்சா?"

"பி.காம்."

"டாக்டருக்குப் படிக்க வச்சா என்ன?"

"கடைக்காரங்க மாத்திரை மருந்துன்னு எதாச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்றது."

"பொய்யிலகூடக் கஞ்சத்தனம்." கையெழுத்துப் போட்டாள். பக்கத்தைத் திருப்பினாள்.

"ஹாஸ்டலா?"

"ஆமா. மதுரையில."

"சோறு?"

"நல்லாத்தான் போட்டாங்க." சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, போட்டாள்.

முடி எவ்வளவு நீளம் என்று கேட்டாள். அதை யாரும் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். "இடுப்புக்குக் கீழ இருக்கும்" என்று அவளே சொன்னாள். வயதுக்கு வந்தபோது கடைக்காரர்களிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொல்லவில்லை, ஆண்பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்றேன். அந்தப் பக்கத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் கோட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "பெங்களூரு குளிருமாமே. ஸ்வெட்டர் எதாச்சும் வாங்கிக் குடுத்து விட்டீகளா?" என்றாள்.

"இல்ல ரத்தினம். எனக்குத் தோணவே இல்ல."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டி, முழுசாகப் போட்டாள்.